ஹெயான் அரசவையில் கவிதைக்கு என்ன வேலை?

வடமலையான் எழுதியது:

ஜப்பானின் ஹெயான் காலத்தைப் (794–1185) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தையே வரைகிறார்கள். நிலவைப் பார்த்துக் கவிதை புனைந்து, வாசனைப் புகைக்குப் பொடி கலந்து, காதல் கடிதத்துக்கு எந்த நிறத் தாள் பொருந்தும் என்று யோசித்தே ஆயுளைக் கழித்த பிரபுக்கள். ஆட்சி என்பதை மறந்தே போனவர்கள். இதை நான் ஏற்கவில்லை. அந்த நளினம்தான் அவர்களுடைய அரசியல் என்பது என் கட்சி.

ஃபுஜிவாரா குடும்பத்தின் வடக்குக் கிளை ஆட்சியைப் பிடித்த வழியைப் பாருங்கள். 858-இல் ஒன்பது வயதுச் சிறுவனான செய்வா பேரரசரானார். அவருடைய தாய்வழித் தாத்தா யோஷிஃபுசா 866-இல் முறைப்படி செஷ்ஷோ என்னும் பதிலாளுநர் ஆனார். அரச குலத்துக்கு வெளியே பிறந்த ஒருவர் அந்தப் பதவியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. அன்றிலிருந்து சூத்திரம் ஒன்றுதான்: மகளை அரண்மனைக்கு அனுப்ப வேண்டும், அவளுக்கு மகன் பிறக்க வேண்டும், அந்தப் பேரன் சிறுவனாக இருக்கும்போதே அரியணை ஏற வேண்டும். அக்கால உயர்குடியில் குழந்தை தாய் வீட்டில் பிறந்து வளர்ந்ததால், வருங்காலப் பேரரசர் தாத்தாவின் மடியிலேயே வளர்ந்தார். படையும் வேண்டியதில்லை, அரியணையைப் பறிக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் பேரரசருக்குப் பல துணைவியர். ஒவ்வொருவருக்கும் தனி மாளிகை, தனிப் பணிப்பெண்கள். அவர் எந்த மாளிகைக்குப் போவார் என்பதைத் தாத்தாக்கள் ஆணையிட முடியாது. அங்கேதான் கவிதையும் இசையும் நூல்களும் பேச்சுத்திறமும் வேலைக்கு வந்தன. இச்சிஜோ பேரரசரின் துணைவியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுஜிவாரா தலைவர் மிச்சிதாகாவின் மகள் தேய்ஷியைச் சுற்றி, ‘தலையணை நூல்’ எழுதிய ஸெய் ஷோனாகன் போன்றோர் இருந்தார்கள். மிச்சிதாகாவின் தம்பி மிச்சினாகா தன் மகள் ஷோஷிக்காக, ‘கெஞ்சியின் கதை’ எழுதிய முராசாகி ஷிகிபுவை வரவழைத்தார். உலகம் இன்று கொண்டாடும் இலக்கியம் இரு சகோதரர்களின் வீட்டுப் போட்டியில் விளைந்தது.

999-இல் ஷோஷி ஜப்பானியக் கணக்கில் பன்னிரண்டு வயதில் அரண்மனை புகுந்தபோது, அவளுடன் போகும் ஒரு மடக்குத் திரைக்காக மிச்சினாகா உயர் பிரபுக்களிடம் கவிதை கேட்டார். துறவு பூண்ட முன்னாள் பேரரசர் கஸானே கவிதை அனுப்பினார். கையெழுத்துக் கலையில் தலைசிறந்த யுகினாரி அவற்றைத் திரையில் எழுதினார். சனேசுகே என்ற உயர் பிரபு ஒருவர் மட்டும் மறுத்துவிட்டு, அமைச்சர் சொன்னார் என்பதற்காக உயர் பிரபுக்கள் திரைக்குப் பாட்டெழுதுவதைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்று நாட்குறிப்பில் பொருமினார். கவிதை வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் அவர் மறுத்திருக்கவும் வேண்டாம், பொருமியிருக்கவும் வேண்டாம்.

சுவடிப்பிரியை எழுதியது:

சனேசுகே இன்னொரு முறையும் மறுத்தார் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. 1018-ஆம் ஆண்டு பத்தாம் மாதம் மிச்சினாகாவின் இன்னொரு மகள் இஷி பேரரசியானாள். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேரரசியர் வந்தது அதற்கு முன் நடந்ததில்லை. அன்றைய விருந்தில் மிச்சினாகா, முழு நிலவில் குறையேதும் இல்லாததுபோல் இந்த உலகமே தன் உலகம் என்று தோன்றுவதாக ஒரு பாட்டைச் சொல்லி, சனேசுகே மறுபாட்டுப் பாட வேண்டும் என்று கேட்டார். சனேசுகே அதன் அழகைப் புகழ்ந்தார். இத்தகைய பாட்டுக்கு விடை சொல்லத் தம்மால் இயலாது, எல்லாரும் சேர்ந்து இதையே பாடுவோம் என்றார். சீனக் கவிஞர் யுவான் ஜென்னின் பாட்டுக்குப் பாய் ஜூயி விடை எழுதாமல் அதையே நாள் முழுதும் பாடினார் என்று முன்னுதாரணமும் காட்டினார். கூட்டம் பலமுறை பாடியது, மிச்சினாகாவும் வற்புறுத்தவில்லை.

எனக்குச் சுவையாகப் படுவது வேறு. மிச்சினாகாவின் சொந்த நாட்குறிப்பு அவர் கைப்படவே இன்றும் இருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்தது. அதில் அன்றைய நாளுக்கு எதிரே, தாம் ஒரு பாட்டுச் சொன்னதாகவும் மற்றவர்கள் அதைப் பாடியதாகவும் மட்டுமே இருக்கிறது, பாட்டு இல்லை. அதைக் காப்பாற்றித் தந்தவர், விடை பாட மறுத்த அதே சனேசுகேதான்.

நெய்தல்நிலவன் எழுதியது:

இருவருக்கும் ஒரு கேள்வி. பிரபுக்கள் வேலை செய்தார்கள் என்கிறீர்கள், சரி. காலையில் எழுந்தவுடன் என்ன செய்தார்கள், அலுவலகம் என்று ஒன்று இருந்ததா என்று யாராவது சொன்னால் என் போன்றோருக்கு உதவியாக இருக்கும். கவிதை எழுதியதைத் தவிர எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

சுவடிப்பிரியை எழுதியது:

காலைப் பொழுதைப் பற்றி நல்ல சான்று இருக்கிறது. மிச்சினாகாவின் பாட்டனார் மொரோசுகே (908–960) தம் வழித்தோன்றல்களுக்கு அறிவுரை எழுதிவைத்தார். எழுந்ததும் தன் பிறவி நட்சத்திரத்தின் பெயரை ஏழு முறை மெல்லச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் முகம் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அந்த நாள் நல்லதா என்று பார்க்க வேண்டும். பல் துலக்கி, மேற்கு நோக்கிக் கை கழுவி, புத்தரின் பெயரை ஓத வேண்டும். பிறகு முந்தைய நாள் நடந்ததை எழுதிவைக்க வேண்டும். கஞ்சி அதற்குப் பிறகுதான். தலை வாருவது மூன்று நாளுக்கு ஒரு முறை. பஞ்சாங்கத்தில் விலங்குப் பெயர் தாங்கிய நாட்களுள், கைநகம் வெட்ட எருது நாள், கால்நகம் வெட்டப் புலி நாள். குளியல் ஐந்து நாளுக்கு ஒரு முறை, அதுவும் நாள் பார்த்து! வாசனைப் புகைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதற்கு இங்கே பாதி விடை இருக்கிறது என்று நான் குறும்பாக நினைப்பதுண்டு.

அந்த நாட்குறிப்பு மனம் திறக்கும் எழுத்து அல்ல. எந்தச் சடங்கில் யார் எங்கே அமர்ந்தார், எந்தப் படியில் ஏறினார், யார் தவறினார் என்பதைச் சீன எழுத்தில் பதிந்து மகனுக்கும் பேரனுக்கும் விட்டுச் செல்லும் ஆவணம் அது. ஆட்சியே முன்னுதாரணத்தால் நடந்ததால், பழைய நாட்குறிப்புகளை வைத்திருந்த வீடு மற்ற வீடுகளை விட ஒரு படி மேலே நின்றது. சனேசுகே வீட்டின் செல்வாக்கு இதனால்தான்.

அலுவலும் உண்டு. உயர் பிரபுக்கள் காவலர் கொட்டகை ஒன்றில் கூடி ஆலோசிப்பார்கள். அங்கே தரத்தில் இளையவர் முதலில் கருத்துச் சொல்வார். மூத்தவர் கடைசியில் சொல்வார். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர் வாய் திறக்கமாட்டார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருடைய கருத்தையும் எழுதிப் பேரரசரிடம் சேர்ப்பார்கள். இளவேனிலில் மாகாண ஆளுநர் பதவிகளுக்கும் இலையுதிர் காலத்தில் தலைநகரப் பதவிகளுக்கும் நியமனம் நடக்கும்.

தாழைமடல் எழுதியது:

அந்த நியமன நாளைப் பற்றி ஸெய் ஷோனாகன் எழுதியிருப்பது, எனக்குத் தெரிந்த வரையில், வேலை தேடுகிறவர்களைப் பற்றிய மிகக் கூர்மையான எழுத்துகளுள் ஒன்று. இந்த ஆண்டு தலைவருக்குப் பதவி உறுதி என்று கேட்டு, பழைய வேலையாட்களெல்லாம் வீட்டில் வந்து குவிகிறார்கள், தின்கிறார்கள், குடிக்கிறார்கள், வாசல் பக்கமே காதை வைத்திருக்கிறார்கள். விடிந்தும் கதவு தட்டப்படவில்லை. செய்தி கேட்கப் போனவர்களின் முகத்தைப் பார்த்தே விடை தெரிந்துவிடுகிறது. பகல் ஏற ஏற ஒருவர் இருவராக நழுவுகிறார்கள். போக்கிடமில்லாத முதிய ஊழியர் மட்டும் அடுத்த ஆண்டு எந்தெந்த மாகாணங்கள் காலியாகும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு திரிகிறார்.

ஸெய்யின் தந்தை மொட்டொசுகே மாகாண ஆளுநராக இருந்தவர். முராசாகியின் தந்தை தமெட்டொகியும் அப்படியே. 996-இல் தமெட்டொகிக்கு முதலில் சிறிய அவாஜி கிடைத்தது, பிறகு அது வளமான எச்சிசென்னாக மாற்றப்பட்டது. மனுவில் அவர் எழுதிய சீனக் கவிதை வரியைப் பார்த்து மேலிடம் மனம் உருகியதாகப் பிற்காலக் கதை சொல்கிறது. பதவி மாறியது ஆவணத்தில் உள்ளது. உருகியது கதையில் உள்ளது. ஆக, இந்தப் பெண்கள் உச்சிக் குடும்பத்தினர் அல்லர். வேலைக்கு வந்த நடுத்தட்டு அதிகாரிகளின் மகள்கள் அவர்கள்.

இதைச் சொல்லும்போதே திரு. வடமலையான் அவர்களோடு எனக்கு உள்ள முரண்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தேய்ஷியின் தந்தை 995-இல் இறந்தார். அடுத்த ஆண்டே அண்ணன் கொரெச்சிகா நாடுகடத்தப்பட்டார். 1000-ஆம் ஆண்டில் மிச்சினாகா ஒரே பேரரசருக்கு இரண்டு பேரரசியர் என்ற புதுமையை ஏற்படுத்தி ஷோஷியைத் தேய்ஷிக்கு இணையாக அமர்த்தினார். அந்த ஆண்டின் இறுதியிலேயே தேய்ஷி பிள்ளைப்பேற்றில் மாண்டார். ஸெய்யின் தலையணை நூலின் ஒரு பகுதியேனும் இதற்கெல்லாம் பிறகு எழுதப்பட்டது. ஆனால் ஸெய் அதில் சிரிப்பையும் பனியையும் உடையின் நிறத்தையும் தவிர வேறொன்றையும் காட்டவில்லை. இனிப் பேரரசரைக் கவர வேண்டிய தேவை எதுவும் இல்லை. கவரப்பட வேண்டிய பெண்ணே உயிரோடு இல்லை. அப்போதும் எழுதினார். உங்கள் சூத்திரத்துக்குள் இதை எப்படி அடக்குவீர்கள்?

இன்னொரு சான்று, இளவரசி சென்ஷி (964–1035). கமோ ஆலயத்தின் புனிதக் கன்னியாக, ஐந்து பேரரசர்களின் காலத்தில், ஐம்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றியவர். திருமணம் இல்லை, பிள்ளை இல்லை, யாருக்கும் பாட்டியாக வேண்டியதில்லை. ஆயினும் அவருடைய இல்லம் தலைநகரின் சிறந்த இலக்கியக் கூடங்களுள் ஒன்று. முராசாகியே அங்குள்ள பெண்களோடு தம் கூட்டத்தாரை ஒப்பிட்டுச் சற்றே பொறாமையோடு எழுதியிருக்கிறார்.

வடமலையான் எழுதியது:

சகோதரி தாழைமடல் காட்டிய இரண்டும் வலுவான சான்றுகள். ஆனால் ஒரு வழக்கம் எதற்காகத் தோன்றியது என்பதும், தோன்றிய பிறகு யார் யார் அதை எதற்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதும் வேறு வேறு. சென்ஷியின் கூடத்துக்குப் பிரபுக்கள் போய்வந்ததற்கு, மற்றக் கூடங்கள் அந்தக் கலையை மதிப்புமிக்கதாக ஆக்கியிருந்ததும் காரணம்.

மிச்சினாகா எதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதில் ஐயமே இல்லை. 1008-இல் ஷோஷியின் அறையில் ஒரு கதை அழகான படியாக எழுதப்பட்டு நூலாகக் கட்டப்படுவதை முராசாகி தம் நாட்குறிப்பில் சொல்கிறார். அது கெஞ்சியின் கதை என்பதே பொதுக் கருத்து. நல்ல தாளும் தூரிகையும் மையும் கொண்டுவந்து கொடுத்தவர் மிச்சினாகா. முராசாகி தம் அறையில் ஒளித்துவைத்திருந்த வரைவை, அவர் இல்லாத நேரத்தில் புகுந்து எடுத்துத் தம் இரண்டாவது மகளுக்குக் கொடுத்துவிட்டவரும் அவரே. அந்த இரண்டாவது மகள் கென்ஷி அடுத்த பேரரசர் சஞ்ஜோவின் துணைவியாகப் போனாள். கதையைக் கேட்ட இச்சிஜோ பேரரசர், இதை எழுதியவர் நாட்டின் வரலாற்று நூல்களையே படித்திருக்க வேண்டும் என்று வியந்ததும், அதனால் மற்றப் பணிப்பெண் ஒருத்தி பொறாமையில் பட்டப்பெயர் வைத்ததும் அதே நாட்குறிப்பில் உண்டு.

பழையமாணவன் எழுதியது:

இவ்வளவு நேரமும் தலைநகருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். பட்டுக்கும் தாளுக்கும் மைக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

988-இல் ஒவாரி மாகாணத்தின் வட்டார அதிகாரிகளும் குடியானவர்களும் ஆளுநர் ஃபுஜிவாரா நோ மொட்டொனாகாவின் மேல் முப்பத்தொரு பிரிவுகள் கொண்ட முறையீட்டை அரசவைக்கு அனுப்பினார்கள். சட்டத்துக்கு மேல் வரி வாங்கியது, கொடுக்க வேண்டிய தொகையைக் கொடுக்காதது, தலைநகரிலிருந்து கூட்டிவந்த உறவினரும் ஆட்களும் செய்த கொடுமை என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மறு ஆண்டு அவர் பதவி நீக்கப்பட்டார். இப்படிப்பட்ட ஆளுநர்கள் வசூலித்ததில் ஒரு பங்கு, அடுத்த பதவியை எதிர்பார்த்து, உயர் பிரபுக்களின் வீட்டுக்குப் பரிசாகப் போகும். பங்களா கட்டவும் கோயில் கட்டவும் அவர்கள்தான் கொடுத்தார்கள். கூடவே வரிவிலக்குப் பெற்ற தோட்டநிலங்களின் வருமானமும் உண்டு. பிற்காலக் கதைத் தொகுப்பு ஒன்றில் ஓர் ஆளுநர் பள்ளத்தாக்கில் குதிரையோடு விழுகிறார். மேலிருந்து இறக்கிய கூடையில் முதலில் காளான்தான் வருகிறது, பிறகுதான் ஆள் வருகிறார். விழுந்த இடத்திலும் மண்ணையாவது அள்ள வேண்டியது ஆளுநரின் கடமை என்று சொல்கிறார்! அந்த வகுப்பைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நெய்தல்நிலவன் எழுதியது:

காளான் கதைக்கு நன்றி. திருமணத்தைப் பற்றியும் கேட்கலாமா? பெண்கள் திரைக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தார்கள் என்றும், சொத்துரிமை பெற்றிருந்தார்கள் என்றும், இரண்டையும் படித்திருக்கிறேன்.

சுவடிப்பிரியை எழுதியது:

இரண்டும் உண்மை, தம்பி. ஆண் இரவில் பெண்ணின் வீட்டுக்கு வருவான், விடியுமுன் புறப்படுவான், வீடு சேர்ந்ததும் ஒரு கவிதைக் கடிதம் அனுப்ப வேண்டும், அது தாமதமானால் பெண் வீட்டில் எல்லார் முகமும் வாடும். மூன்று இரவுகள் தொடர்ந்து வந்து, மூன்றாம் இரவு அரிசிமாப் பணியாரம் உண்டால் திருமணம் நிறைவேறியது. அதன் பிறகும் அவள் பெரும்பாலும் தந்தை வீட்டிலேயே இருப்பாள், வீடும் பெரும்பாலும் மகளுக்கே போகும். மிச்சினாகாவின் புகழ்பெற்ற த்சுச்சிமிகாதோ மாளிகை அவர் மனைவி ரின்ஷியின் வழியில் வந்தது. அங்கேதான் 1008-இல் பேரன் அத்சுஹிரா பிறந்தான். ஆணின் தகுதி மனைவியைப் பொறுத்தது என்று மிச்சினாகா தம் மகனுக்குச் சொன்னதாக ஒரு வரலாற்றுக் கதைநூல் கூறுவதில் வியப்பில்லை.

ஆனால் வருவதும் வராமல் போவதும் ஆணின் கையில். மிச்சினாகாவின் தந்தை கனெயியேயின் மனைவியருள் ஒருவர், மிச்சித்சுனாவின் தாய் என்று மட்டுமே நாம் அறிந்த பெண், 954 முதல் 974 வரையான தம் மணவாழ்க்கையை எழுதிவைத்தார். கணவன் வேறொருத்தியிடம் போவதை அறிந்தபின் ஒரு விடியற்காலையில் அவன் வந்து கதவைத் தட்டுகிறான், அவர் திறக்கவில்லை, அவன் அந்த இன்னொருத்தியின் வீட்டுப் பக்கமே போய்விடுகிறான். தனியே படுத்து விடியலுக்காகக் காத்திருக்கும் இரவு எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமா என்று ஒரு கவிதை எழுதி, நிறம் மாறத் தொடங்கிய செவ்வந்திப் பூவோடு மறுநாள் அனுப்புகிறார். பூவையும் தேர்ந்தெடுத்திருக்கிறார், பாருங்கள். இது எந்தப் பேரரசரைக் கவர்வதற்கு, வடமலையான் ஐயா?

வீடும் நிலமும் உடைய இந்தப் பெண்களின் இயற்பெயர் பல நமக்குத் தெரியாது. முராசாகியின் இயற்பெயர்கூட உறுதியாகத் தெரியாது. மாறாக, இச்சிஜோவின் அரண்மனையில் ஒரு பூனைக்கு ஐந்தாம் தரப் பட்டம் இருந்தது. 999-இல் அரண்மனைப் பூனை குட்டி போட்டபோது பெரிய மனிதர்கள் பிறப்புச் சடங்கு நடத்தியதையும், பூனைக்குச் செவிலித்தாய் நியமித்ததையும் சனேசுகே எரிச்சலோடு பதிந்திருக்கிறார். பட்டம் பெற்ற பூனையைத் துரத்திய குற்றத்துக்காக ஒகினாமாரோ என்ற நாய் அடித்துத் துரத்தப்பட்டு, பிறகு மன்னிக்கப்பட்ட கதையை ஸெய் ஷோனாகன் விரிவாகவே சொல்கிறார்.

பழையமாணவன் எழுதியது:

பூனையின் பட்டம் சிரிப்புக்குரியதுதான், ஆனால் ஐந்தாம் தரம் சிரிப்புக்குரியதல்ல. மொத்தம் முப்பது படிகள். ஐந்தாம் தரத்துக்கு மேலிருந்தால்தான் பிரபு. மூன்றாம் தரத்துக்கு மேல் போனால் ஆலோசனைக் கூட்டத்தின் வட்டம். அரசவை உடையின் நிறமே தரத்தைச் சொல்லிவிடும்: நான்காம் தரமும் அதற்கு மேலும் கறுப்பு, ஐந்தாம் தரம் சிவப்பு, ஆறாம் தரம் பச்சை. கதைநாயகன் கெஞ்சி தம் மகனைக் கல்வி கற்கட்டும் என்று வேண்டுமென்றே ஆறாம் தரத்தில் தொடங்கவைக்க, அந்தப் பையன் தன் பச்சை உடையை நினைத்துக் குமைவதை முராசாகி பல இடங்களில் காட்டுகிறார். உழைத்துப் பச்சை அணிந்தவர் எத்தனை பேரோ. பூனை நேராகச் சிவப்புக்குப் போய்விட்டது.

தாழைமடல் எழுதியது:

கவிதைப் போட்டியைப் பற்றி யாரும் சொல்லாதது வியப்பு. 960-ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் முரகாமி பேரரசர் தம் மாளிகையில் நடத்திய போட்டி, பிற்காலப் போட்டிகளுக்கெல்லாம் இலக்கணமாயிற்று. இரண்டு அணிகள், பன்னிரண்டு தலைப்புகள், இருபது சுற்றுகள். ஓர் அணியின் கவிதைகளைப் படித்தவர் ஹிரொமசா. இசையில் நிகரற்றவர், முன்னாள் பேரரசர் தாய்கோவின் பேரன். குயில்போலப் பாடும் உகுயிசுப் பறவையைப் பற்றிய கவிதையைப் படிக்க வேண்டிய இடத்தில் வில்லோ மரக் கவிதையைப் படித்துவிட்டார். அந்தச் சுற்றுப் போயிற்று.

கடைசிச் சுற்றுக்குத் தலைப்பு காதல். தடாமியும் கனெமோரியும் மோதினார்கள். நடுவர் சனெயொரியால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை; பக்கத்தில் இருந்த தகாஅகிராவிடம் கேட்டார்; அவர் தலைகுனிந்து பேசாமல் இருந்தார். அப்போது பேரரசர் கனெமோரியின் கவிதையை மெல்ல முணுமுணுத்தது காதில் விழுந்தது. மறைத்தும் முகத்தில் தெரிந்துவிட்டது என் காதல், என்ன யோசனை என்று பிறர் கேட்கும் அளவுக்கு, என்பது அந்தப் பாட்டின் பொருள். வெற்றி அவருக்கே. தோற்ற தடாமி உணவு இறங்காமல் இறந்தார் என்பது பிற்காலக் கட்டுக்கதை. என் தீர்ப்பைக் கேட்டால், தடாமியின் பாட்டே நேர்த்தியானது. ஆனால் பேரரசரின் உதடு அசைந்த பிறகு எந்த நடுவர் அதைச் சொல்வார்? இந்த ஒரு நிகழ்ச்சியில் மட்டும் வடமலையான் அவர்களின் கட்சிக்கு நான் பாதி இடம் தருகிறேன்.

வடமலையான் எழுதியது:

பாதி இடத்துக்கு நன்றி. செவ்வந்திப் பூவுக்கு என்னிடம் விடை இல்லை. அது சகோதரி சுவடிப்பிரியைக்கே இருக்கட்டும்.

சூத்திரம் முறிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது என் கட்சிக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் இருக்கிறது. மிச்சினாகாவின் மகன் யொரிமிச்சி ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆட்சியை நடத்தினார். உஜியில் இருந்த தந்தையின் மாளிகையை 1052-இல் கோயிலாக்கினார். மறு ஆண்டு எழுந்த ஃபீனிக்ஸ் மண்டபம் இன்றும் நிற்கிறது. அவர் மகள் கன்ஷி, கோ-ரெய்செய் பேரரசரின் பேரரசி. அவளுடைய கூடத்தில் 1056-இல் இளவேனிலுக்கும் இலையுதிர் காலத்துக்குமாகப் பெரிய கவிதைப் போட்டி நடந்தது. கவிஞர், இசை, பட்டு, செல்வம், தந்தையின் செல்வாக்கு என்று எதிலும் குறைவில்லை. பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. 1068-இல் கோ-சஞ்ஜோ அரியணை ஏறினார். அவருடைய தாய் அரச குலத்து இளவரசி; தாய்வழியில் மிச்சினாகாவின் பேத்தியே என்றாலும் ஃபுஜிவாரா மகள் அல்லர். சுமார் 170 ஆண்டுகளில் அப்படி ஒரு பேரரசர் வந்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டே அவர் தோட்டநிலங்களின் பத்திரங்களைச் சரிபார்க்க ஓர் அலுவலகம் திறந்து, யொரிமிச்சியின் நிலங்களுக்கும் பத்திரம் கேட்டார்.

தாழைமடல் எழுதியது:

அப்படியானால், பிள்ளை பிறக்காத அந்தக் கூடத்தின் கவிதைகள் வீணாகியிருக்க வேண்டுமே? கோ-ரெய்செய் இறந்தபின் கன்ஷி துறவு பூண்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் கூடத்தில் பாடியவர்களின் கவிதைகளைப் பின்வந்த பேரரசர்கள் தம் ஆணைத் தொகுப்புகளில் எடுத்துச் சேர்த்தார்கள். யொரிமிச்சியிடம் பத்திரம் கேட்ட கோ-சஞ்ஜோவின் மகன் ஷிரகாவாவின் ஆணையில் 1086-இல் தொகுக்கப்பட்ட நூலும் அவற்றுள் ஒன்று.